அல்பேனியாவின் 1997: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்கன் நாடுகள் என்றதும் யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே பத்தாண்டில், அந்தப் போர்களில் சேராத ஒரு சிறிய நாடு, எந்தப் படையெடுப்பும் இல்லாமல் சில வாரங்களில் நிலைகுலைந்தது. அது அல்பேனியா. மக்கள்தொகை அப்போது 30 லட்சத்துக்குச் சற்று மேல். 1997 ஜனவரியில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களின் ஊர்வலமாகத் தொடங்கியது, மார்ச்சில் துப்பாக்கிக் கலவரமாகி, ஜூலையில் ஆட்சி மாற்றத்தில் வந்து நின்றது. அந்த ஒரே ஆண்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

எல்லாம் எங்கே தொடங்கியது?

வட்டி நிறுவனங்களில். மக்களிடம் ரொக்கமாகப் பணம் வாங்கி, மாதாமாதம் பெரிய வட்டி கொடுத்த தனியார் நிறுவனங்கள் 1990-களின் நடுவில் அல்பேனியா முழுக்க இருந்தன. வேஃபா, ஜாலிட்சா, கம்பேரி, சூடே, ஜஃபேரி, போபுல்லி ஆகியவை அவற்றில் பெரியவை. இவற்றில் இரண்டு வகை உண்டு. வேஃபா, ஜாலிட்சா, கம்பேரி போன்றவை கடை, ஓட்டல், பெட்ரோல் நிலையம் என்று கண்ணுக்குத் தெரியும் தொழில்களையும் நடத்தின. சூடே, ஜஃபேரி, போபுல்லி ஆகியவற்றுக்குச் சொல்லும்படியான தொழில் எதுவும் கிடையாது. புதிதாகச் சேருபவர் கட்டும் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுப்பதுதான் அவற்றின் மொத்த வேலை. இதைத்தான் பிரமிடு திட்டம் என்கிறோம். தொழில் வைத்திருந்த நிறுவனங்களும் கடைசியில் இதே வழிக்குத்தான் வந்தன. அவர்கள் தருவதாகச் சொன்ன வட்டியை எந்த ஓட்டலாலும் கடையாலும் ஈட்ட முடியாது.

1996 தொடக்கத்தில் மாத வட்டி 4, 5 சதவீதமாக இருந்தது. போட்டி முற்ற முற்ற ஏறியது. ஜூலையில் கம்பேரி மாதம் 10 சதவீதம் என்றது. செப்டம்பரில் போபுல்லி 30 சதவீதத்தைத் தாண்டியது. நவம்பரில் ஜஃபேரி, மூன்று மாதத்தில் பணத்தை மூன்று மடங்காக்கித் தருவதாக அறிவித்தது. உடனே சூடே இரண்டே மாதத்தில் இரட்டிப்பு என்றது. ஜஃபேரியின் வாக்குப்படி ஒருவர் வந்த பணத்தைத் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டு வந்தால், ஓராண்டில் 81 மடங்காக வேண்டும். அப்படிப் பெருக்கித் தரும் தொழில் உலகில் எங்கும் கிடையாது. இது ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆனால் அதைப் பொதுமக்களுக்கு உரக்கச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் சொல்லவில்லை.

எவ்வளவு பணம்? எத்தனை பேர்?

உச்சத்தில் இந்த நிறுவனங்கள் மக்களுக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 120 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ பாதி. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏதோ ஒரு நிறுவனத்தில் பணம் போட்டிருந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஜஃபேரி, போபுல்லி இரண்டு மட்டுமே சில மாதங்களில் ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகளைச் சேர்த்தன. நகரத்தில் வீட்டை விற்றார்கள். கிராமத்தில் ஆடு மாடுகளை விற்றார்கள். விற்ற பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கட்டினார்கள்.

இது வெறும் பேராசைதானே? படிக்காத மக்கள் ஏமாந்தார்கள், அவ்வளவுதானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பார்வை அந்த மக்களுக்கு அநியாயம் செய்கிறது.

முதலில், அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. கம்யூனிச ஆட்சியில் அல்பேனியாவில் எழுத்தறிவு நன்றாகவே பரவியிருந்தது. ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும்கூடப் பணம் போட்டார்கள். அவர்கள் அறியாதது ஒன்றே ஒன்று: சந்தை. என்வர் ஹோஜா 1944 முதல் 1985-இல் இறக்கும் வரை நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்தார். சொந்தத் தொழில் கூடாது, சொந்தக் கார் கூடாது, 1967-க்குப் பிறகு கோயில், மசூதி, தேவாலயம் எதுவும் கூடாது. யூகோஸ்லாவியாவோடு முறித்து, சோவியத்தோடு முறித்து, கடைசியில் சீனாவோடும் முறித்துக்கொண்ட நாடு அது. பங்கு, கடன் பத்திரம், திவால் என்ற எதையும் இரண்டு தலைமுறை கண்ணால் கண்டதில்லை. 1991-இல் கதவு திறந்தபோது, "முதலாளித்துவத்தில் பணம் பணத்தைச் சம்பாதிக்கும்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மாதாமாதம் கைக்கு வட்டி வந்தபோது, சொன்னது நடக்கிறது என்றே நினைத்தார்கள். அதில் என்ன பேராசை?

அடுத்து, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டன. 1991 ஆகஸ்டில் சுமார் 20,000 பேர் ஒரே கப்பலில் ஏறி இத்தாலியின் பாரி துறைமுகத்துக்குப் போன படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். அப்படிப் போனவர்களும், மலை தாண்டிக் கிரீஸுக்கு நடந்தவர்களும் கட்டட வேலை, தோட்ட வேலை, வீட்டு வேலை செய்து அனுப்பிய பணம்தான் குடும்பங்களைக் காப்பாற்றியது. அதை எங்கே வைப்பது? அரசு வங்கிகள் மந்தமாக இயங்கின. சாதாரண ஆளுக்குக் கடன் கிடைக்காது. தனியார் வங்கி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவில் நிறுவனத்தின் சன்னல் திறந்திருக்கிறது, போன மாதம் அண்ணனுக்கு வட்டி வந்தது, இந்த மாதம் மாமாவுக்கும் வந்தது. ஒரு நாட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே முடிவை எடுக்கிறார்கள் என்றால், அதைத் தனி மனிதரின் குணக்கேடு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. பணத்தை வைக்க அவர்களுக்கு வேறு நல்ல இடம் இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

அரசுக்கு இதெல்லாம் தெரியாதா?

தெரியும். 1996-இல் வந்த வங்கிச் சட்டம், அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் நிறுவனங்களை மூடும் அதிகாரத்தை மத்திய வங்கிக்குக் கொடுத்தது. அதைச் செயல்படுத்த அரசின் ஆதரவு கிடைக்கவில்லை. உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்) அந்த ஆண்டிலேயே எச்சரித்தன. அக்டோபரில் நிதியமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. அதிலும், உண்மையான முதலீடு உள்ள நிறுவனங்கள் வேறு, வெறும் பிரமிடுகள் வேறு என்று பிரித்துக் காட்டியது. அதைப் படித்தவர்கள் "அப்படியானால் வேஃபா பாதுகாப்பானது" என்றுதான் புரிந்துகொண்டிருப்பார்கள். குடியரசுத் தலைவர் சாலி பெரிஷா நிறுவனங்களுக்கு ஆதரவாகவே பேசினார். எச்சரிக்கை வந்த மறுமாதம், இவற்றில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் பிரதமரும் நாடாளுமன்றத் தலைவரும் பதக்கம் வாங்கிக்கொண்டார்கள். ஆளும் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் செலவுக்கும் சில நிறுவனங்கள் பணம் கொடுத்திருந்தன.

நாட்டின் பிரதமரே போய்ப் பதக்கம் வாங்கும் நிறுவனத்தைச் சாதாரணக் குடிமகன் எப்படிச் சந்தேகிப்பான்? எழுத்தில் எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது அரசின் உத்தரவாதமாகவே தெரிந்தது. 1997-இல் மக்களின் கோபம் நிறுவன முதலாளிகளை விட்டு அரசின் மீது திரும்பியதற்குக் காரணம் இதுதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

அர்ஜென்டினாவின் உலகக் கோப்பை வீரர் ஒருவர் இதில் வருவாராமே?

ஆம், மாரியோ கெம்பெஸ். 1978 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்டவர். லுஷ்ன்யா என்ற சிறு நகரத்தின் கால்பந்துக் கழகத்துக்கு 1996 இறுதியில் பயிற்சியாளராக வந்தார். பின்னால் இருந்தது அந்த ஊரைச் சேர்ந்த ஜஃபேரியின் பணம். கலவரம் தொடங்கியதும் கிளம்பிவிட்டார். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரையே அழைத்துவரும் நிறுவனம் திவாலாகும் என்று லுஷ்ன்யாக்காரர்கள் எப்படி நினைப்பார்கள்?

எப்போது உடைந்தது?

1996 நவம்பரில் சூடே பணம் தர முடியாமல் நின்றது. அந்த நிறுவனத்தை நடத்தியவர் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. புதிய பணம் வருவது நின்றால் பிரமிடு அன்றே முடிந்தது. சந்தேகம் மற்ற நிறுவனங்களுக்கும் பரவியது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. யூகோஸ்லாவியா மீது ஐ.நா. விதித்த தடை இருந்த காலத்தில், எல்லை தாண்டி எரிபொருள் கடத்தி நிறையப் பேர் சம்பாதித்தார்கள். சில நிறுவனங்களுக்கும் அந்த வருமானம் இருந்ததாக நம்பப்படுகிறது. 1995 இறுதியில் தடை விலக்கப்பட்டதும் அந்த வழி அடைபட்டது. உண்மையான வருமானம் குறையக் குறைய வட்டி வாக்குறுதிகள்தான் வளர்ந்தன.

1997 ஜனவரியில் சூடே முழுமையாக விழுந்தது. அரசு ஜஃபேரி, போபுல்லி இரண்டின் வங்கிக் கணக்குகளையும் முடக்கியது. அதில் சுமார் 25 கோடி டாலர் இருந்தது. ஜனவரி 23 அன்று நாடாளுமன்றம் பிரமிடு திட்டங்களைத் தடைசெய்து சட்டம் போட்டது. இழப்பை அரசு ஈடுகட்டாது என்றும் தெளிவாகிவிட்டது. பிப்ரவரி 5 அன்று ஜாலிட்சா திவாலானது.

போராட்டம் ஏன் தெற்கில் இவ்வளவு கடுமையாக இருந்தது?

லுஷ்ன்யாவில் ஜனவரி கடைசியில் நகராட்சிக் கட்டடம் எரிந்தது. கூட்டத்தைச் சமாதானப்படுத்தப் போன துணைப் பிரதமர் டிரிட்டன் ஷெஹுவை மக்கள் விளையாட்டு மைதானத்தில் பல மணி நேரம் பிடித்து வைத்தார்கள். ஆனால் உண்மையான மையம் வ்லோரா. 1912 நவம்பர் 28 அன்று அல்பேனிய விடுதலை அறிவிக்கப்பட்ட துறைமுக நகரம் அது. ஜாலிட்சாவின் தலைமையிடமும் அங்கேதான். இத்தாலிக் கரை கடல் வழியே எழுபது கிலோமீட்டர் அளவுதான், எனவே வெளிநாட்டுப் பணமும் கடத்தல் பணமும் அங்கே அதிகம் புழங்கின. இழப்பும் அதற்கேற்ப இருந்தது.

அரசியல் காரணமும் உண்டு. பெரிஷா வடக்கே ட்ரோபோயா மலைப்பகுதிக்காரர், இதய மருத்துவர். 1992-இல் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடித்து வந்த ஜனநாயகத் தலைவர் என்று மேற்கு நாடுகள் அவரைப் பாராட்டின. தெற்கோ சோஷலிஸ்ட் கட்சியின் கோட்டை. அதன் தலைவர் ஃபாடோஸ் நானோ 1993 முதல் சிறையில் இருந்தார். 1996 மே தேர்தலில் ஆளுங்கட்சி 140 இடங்களில் 122-ஐப் பிடித்தது. மிரட்டல், முறைகேடு என்று வெளிநாட்டுப் பார்வையாளர்களே குறை சொன்ன தேர்தல் அது. அதாவது பணம் போனபோது, குறையைச் சொல்ல நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. தெருதான் இருந்தது.

பிப்ரவரி 20 அன்று வ்லோரா பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்களை அகற்ற இரகசியப் போலீஸ் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் ஊரே திரண்டது. 28 இரவு இரகசியப் போலீஸ் அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்த இரவோடு பணப் போராட்டம் என்ற கட்டம் முடிந்துவிட்டது.

அவசர நிலை அறிவித்தும் ஏன் அடங்கவில்லை?

மார்ச் 1 அன்று பிரதமர் அலெக்சாண்டர் மெக்சி பதவி விலகினார். மறுநாள் அவசர நிலை. அந்த இரவே, அரசை விமர்சித்து வந்த 'கோஹா யோனே' நாளிதழின் அலுவலகம் எரிக்கப்பட்டது. மார்ச் 3 அன்று, நாடு பற்றி எரிந்துகொண்டிருக்கும்போது, நாடாளுமன்றம் பெரிஷாவை மீண்டும் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிக மோசமானது இதுதான் என்பேன். அன்று அவர் விலகி நின்றிருந்தால், தெற்கில் பேச்சுவார்த்தைக்கு ஒரு வழி திறந்திருக்கும்.

இராணுவத்தை அனுப்பினார்கள். அது சண்டையிடவில்லை. உப்பு தண்ணீரில் கரைவதுபோல் கரைந்தது. படைவீரர்களும் அதே நிறுவனங்களில் பணம் போட்டவர்கள், அதே ஊர்களின் பிள்ளைகள். சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மார்ச் 4 அன்று இரண்டு விமானிகள் ஒரு மிக் விமானத்தை ஓட்டிக்கொண்டு இத்தாலியில் போய் இறங்கினார்கள். பொதுமக்கள் மீது சுடச் சொன்னார்கள், மறுத்துவிட்டோம் என்று சொன்னார்கள்.

அத்தனை துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன?

ஹோஜா விட்டுச்சென்ற சொத்து. எந்த நேரமும் எந்த நாடும் படையெடுக்கும் என்ற அச்சத்தில், நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்கு குழிகளைக் கட்டினார். குடிமக்கள் அனைவரையும் படையாக்கும் திட்டம் என்பதால் ஆயுதக் கிடங்குகள் ஊருக்கு ஊர் இருந்தன. காவலர்கள் போய்விட்டதும் கதவு திறந்தே கிடந்தது. ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான ஆயுதங்கள் சில நாட்களில் மக்கள் கைக்குப் போயின. எதிரிக்காகச் சேர்த்து வைத்தவை அவை. எந்த எதிரியும் வரவில்லை.

சரண்டா, ஜிரோகாஸ்தர் என்று தெற்கு நகரங்கள் ஒவ்வொன்றாக அரசின் கையைவிட்டுப் போயின. ஊருக்கு ஊர் 'மீட்புக் குழு' என்று ஒன்று அமைந்தது. சிலவற்றில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் எதிர்க்கட்சிக்காரர்களும் இருந்தார்கள். சில இடங்களில் ஊரை உண்மையில் ஆண்டவை கொள்ளைக் கும்பல்கள்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது. மார்ச் நடுவில் தலைநகர் திரானாவிலும் வடக்கிலும் கிடங்குகள் சூறையாடப்பட்டன. சிறைகள் காலியாயின. நானோ வெளியே வந்தார், பிறகு பெரிஷா அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஹோஜாவுக்குப் பின் ஆண்ட ரமீஸ் அலியாவும் அப்படித்தான் சிறையிலிருந்து வெளியேறினார். வெளிநாட்டவர்களை அமெரிக்க, ஜெர்மன், இத்தாலியப் படைகள் ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றன.

கிரேக்க, ரோமானியக் காலச் சின்னங்கள் உள்ள புட்ரிண்ட் தொல்லியல் தலத்தின் அருங்காட்சியகமும் தப்பவில்லை. அந்த ஆண்டே யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதை உள்நாட்டுப் போர் என்று சொல்லலாமா?

பலரும் அப்படி எழுதுகிறார்கள். நான் அந்தச் சொல்லைத் தவிர்ப்பேன். வடக்கே கெக், தெற்கே டோஸ்க் என்று இரு பேச்சு மரபுகள் உண்டு, அதை வைத்து இனப் போர் என்று எழுதிய வெளிநாட்டுச் செய்தியாளர்களும் உண்டு. ஆனால் வடக்குப் படை, தெற்குப் படை என்று இரண்டு எங்குமே மோதிக்கொள்ளவில்லை. மதத்தின் பெயராலும் யாரும் மோதவில்லை. முஸ்லிம், ஆர்தடாக்ஸ், கத்தோலிக்கர் மூவரும் ஒரே வரிசையில் நின்றுதான் பணத்தை இழந்தார்கள். நடந்தது அரசின் வீழ்ச்சி. அல்பேனியர்கள் அதற்குப் பெயர் தேடுவதில்லை, 'தொண்ணூற்றேழு' என்று சொன்னாலே போதும்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

சுமார் 2,000. மோதல்களிலும் கும்பல் சண்டைகளிலும் பழிவாங்கல்களிலும் இறந்தவர்களோடு, வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு திரும்பி விழுந்தும், கிடங்கில் வெடிபொருளைக் கிளறியபோது வெடித்தும் இறந்தவர்களும் இதில் அடக்கம். இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு.

இத்தாலிக்குப் போன படகு பற்றிச் சொல்லுங்கள்.

மார்ச்சில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையில் கிடைத்த படகில் ஏறி ஆட்ரியாட்டிக் கடலைத் தாண்டினார்கள். இத்தாலியில் பயம் எழுந்தது, கடற்படை ரோந்து தொடங்கியது. மார்ச் 28, புனித வெள்ளி. 'கட்டேர் இ ராதஸ்' என்ற பழைய சிறு கப்பல் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஓட்ராண்டோ நீரிணையில் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பி அனுப்ப முயன்ற இத்தாலியக் கடற்படைக் கப்பல் 'சிபில்லா' மோதியதில் அது மூழ்கியது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உள்ளறைகளில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உட்கார வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இத்தாலிய நீதிமன்றங்கள் இரு கப்பல்களின் தலைவர்களையும் குற்றவாளிகள் என்றன. ஆனால் நெரிசலாக மக்கள் ஏறிய ஒரு சின்னக் கப்பலைப் போர்க்கப்பலால் மறிக்கும் கொள்கையை வகுத்தவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. அதன்பின் மத்தியதரைக் கடலில் எத்தனையோ படகுகள் மூழ்கிவிட்டன. இதை அந்த வரிசையின் தொடக்கங்களில் ஒன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் படை எப்போது வந்தது?

படகு மூழ்கிய அதே மார்ச் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1101-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இத்தாலி தலைமையில் 'ஆல்பா' என்ற பெயரில் சுமார் 7,000 பேர் கொண்ட படை ஏப்ரல் நடுவில் டுர்ரஸ் துறைமுகத்தில் இறங்கியது. பிரான்ஸ், கிரீஸ், துருக்கி, ஸ்பெயின், ருமேனியா ஆகியவையும் சேர்ந்தன. நிவாரணப் பொருள்கள் போகும் வழியைக் காப்பதும் தேர்தலுக்குச் சூழலை ஏற்படுத்துவதும்தான் வேலை. ஆயுதங்களைப் பறிமுதல் செய்வது அவர்கள் பணியில் இல்லை. ஆகஸ்டில் திரும்பிவிட்டார்கள். குறுகிய வேலை, அதைச் சரியாகச் செய்தார்கள்.

ஆட்சி எப்படி மாறியது? மன்னர் திரும்பி வரப் பார்த்தது உண்மையா?

மார்ச் 9 அன்று கட்சிகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. ஜிரோகாஸ்தரின் முன்னாள் மேயர், சோஷலிஸ்ட் கட்சியின் பஷ்கிம் ஃபினோ எல்லாக் கட்சி அரசுக்குப் பிரதமரானார். முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாத ஆள். வெளியே அதிகம் அறியப்படாத இவர்தான், போலீசும் இல்லாத, படையும் இல்லாத, கருவூலமும் காலியான ஒரு நாட்டைத் தேர்தல் வரை கொண்டுவந்தார். ஆஸ்திரியாவின் முன்னாள் பிரதமர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் சார்பில் வந்து எல்லாரையும் பேச வைத்தார். இந்த இருவருக்கும் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 29-இல் தேர்தல், ஜூலை 6-இல் இரண்டாம் சுற்று. 155 இடங்களில் சோஷலிஸ்ட்கள் 101. பெரிஷா ஜூலையில் பதவி விலகினார். இயற்பியல் பேராசிரியர் ரெஜெப் மெய்தானி குடியரசுத் தலைவரானார், நானோ பிரதமரானார். மார்ச்சில் கைதியாக இருந்தவர் ஜூலையில் ஆட்சித் தலைவர்.

மன்னர் கதையும் உண்மைதான். 1939-இல் இத்தாலி படையெடுத்தபோது மன்னர் ஜோக், பிறந்து இரண்டே நாளான மகன் லேகாவோடு நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த லேகா 1997 ஏப்ரலில் திரும்பி வந்தார். தேர்தலோடு சேர்த்து, முடியாட்சி வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று வாக்கெடுப்பும் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் குடியரசு என்றார்கள். முடிவில் மோசடி என்று ஜூலை 3 அன்று ஆயுதம் தாங்கிய ஆதரவாளர்களோடு அவர் ஊர்வலம் போக, துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். லேகா வெளிநாடு போய், 2002-இல் மன்னிப்புப் பெற்றுத் திரும்பினார்.

ஆண்டின் பிற்பகுதி அமைதியாக இருந்ததா?

முழுக்க இல்லை. செப்டம்பர் 5 அன்று அன்னை தெரசா கொல்கத்தாவில் மறைந்தார். இன்றைய வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேயில் பிறந்த அல்பேனியர் அவர். அவருடைய தாயும் சகோதரியும் திரானாவில் வாழ்ந்து 1970-களில் அங்கேயே இறந்தார்கள். அவர்களைப் பார்க்க ஹோஜா அரசு அவரை உள்ளே விடவில்லை. ஓராண்டு முழுக்கக் கட்சி பிரிந்து நின்ற மக்கள் சேர்ந்து துக்கம் கொண்டாடிய நிகழ்வு அது. பின்னாளில் திரானா விமான நிலையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே சோஷலிஸ்ட் உறுப்பினர் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் அஸெம் ஹஜ்தாரியைச் சுட்டார். காரணம், விற்பனை வரி பற்றிய விவாதத்தில் தொடங்கிய சண்டை. ஹஜ்தாரி 1990 மாணவர் போராட்டத்தின் முகமாக இருந்தவர். அன்று உயிர் பிழைத்தார். மறு ஆண்டு செப்டம்பரில் திரானாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போட்ட பணம் யாருக்காவது திரும்பக் கிடைத்ததா?

ஜஃபேரி, போபுல்லி கணக்குகளில் முடக்கிய பணத்திலிருந்து அவற்றில் போட்டவர்களுக்கு ஒரு பகுதி கிடைத்தது. மற்ற நிறுவனங்களில் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் கணக்குத் தணிக்கையாளர்கள் வந்து வேஃபா போன்றவற்றின் சொத்துகளைத் தேடியபோது, கடனுக்குப் பக்கத்தில்கூட அவை வரவில்லை. அந்த ஆண்டில் விலைவாசி 40 சதவீதத்துக்கும் மேல் ஏறியதால், வீட்டில் ரொக்கமாக வைத்திருந்தவர்களின் பணமும் தேய்ந்தது.

ஆயுதங்கள்?

ஒரு பங்கு எல்லை தாண்டி, அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, அப்போது செர்பியாவின் ஆளுகையில் இருந்த கொசோவோவுக்குப் போய், அங்கே வளர்ந்துவந்த விடுதலைப் படையின் கைக்குச் சேர்ந்தது. 1998-99 கொசோவோ போரை 1997 இல்லாமல் விளக்க முடியாது. மீதியைத் திரும்பப் பெற ஐ.நா. புதிய வழி ஒன்றைச் செய்துபார்த்தது. கிராம்ஷ் மாவட்டத்தில், ஆயுதத்தை ஒப்படைத்தால் ஊருக்குச் சாலை, தொலைபேசி, பள்ளிக்கூடப் பழுதுபார்ப்பு என்று பொதுவாகக் கொடுத்தார்கள். துப்பாக்கிக்குத் தனியாளிடம் பணம் கொடுக்காமல் ஊருக்குக் கொடுத்தது நல்ல யோசனை. ஆனாலும் நிறையத் துப்பாக்கிகள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன.

தலைவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

ஹஜ்தாரி கொலையை அடுத்து 1998 செப்டம்பரில் திரானாவில் கலவரம் வெடித்தது, நானோ பதவி விலகினார். அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் புதிய அரசியல் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவரின் அதிகாரம் அதில் வெகுவாகக் குறைக்கப்பட்டது. நானோ 2002-இல் மறுபடி பிரதமரானார். பெரிஷா 2005-இல் தேர்தலில் வென்று பிரதமராகி 2013 வரை ஆண்டார். வ்லோராவில் இன்றும் அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வடக்கே அவரைக் கொண்டாடுபவர்களும் உண்டு. 1997-க்கு யார் பொறுப்பு என்பதில் அல்பேனியாவில் இன்னும் இரு கட்சி, இரு பதில்.